கறி விருந்துக்கு என்ன பச்சடி?

வாசகி, சின்னாளபட்டி: மகள் ஸ்காட்லாந்தில், எடின்பரோவில் வேலை பார்க்கிறாள். ஜனவரி 25 இரவு தோழி வீட்டில் 'பர்ன்ஸ் விருந்து'. ஆளுக்கொரு பண்டம் கொண்டுவர வேண்டுமாம். இவள் பங்குக்கு சாலட். "என்னம்மா செஞ்சு எடுத்துட்டுப் போறது?" என்று கேட்கிறாள். எனக்குத் தெரிந்தது தயிர் வெங்காயம்தான். அதையே சொல்லட்டுமா?

பதில்: தயிரை விட்டுவிட்டு வெங்காயத்தை மட்டும் கொண்டுபோகச் சொல்லுங்கள், அம்மா. கூடவே சிவப்பு முட்டைக்கோசும் ஆப்பிளும்.

அந்த விருந்தில் தலைவாழை இலைக்குரிய மரியாதை ஹாகிஸ் என்ற பண்டத்துக்கு. ஆட்டின் இதயம், ஈரல், நுரையீரல் மூன்றையும் வேகவைத்துக் கொத்தி, ஓட்ஸ், ஆட்டுக்கொழுப்பு, வெங்காயம், மிளகுத்தூள் சேர்த்து இரைப்பைக்குள் அடைத்து, மறுபடி மணிக்கணக்கில் வேகவிடுவார்கள். கிடாவெட்டில் குடலும் ஈரலும் சுவரொட்டியும் சாப்பிட்டு வளர்ந்த உங்கள் மகளுக்கு அது அந்நியப் பண்டமாகவே தோன்றாது. பக்கத்தில் உருளைக்கிழங்கு மசியலும், மஞ்சள் நிற டர்னிப் மசியலும் இருக்கும். இரண்டிலும் வெண்ணெய் தாராளம். பல வீடுகளில் விஸ்கியும் பாலாடையும் கலந்த குழம்பு ஒன்றும் மேலே ஊற்றுவார்கள்.

இப்போது அந்தத் தட்டை மனதில் வைத்துப் பாருங்கள். எல்லாமே சூடு, எல்லாமே மெத்து, எல்லாமே கொழுப்பு. பல்லில் நறுக்கென்று கடிபட ஒன்றுமில்லை. நாக்கைச் சுண்ட ஒரு துளி புளிப்பில்லை. பாலாடை ஏற்கெனவே இருக்கிற இடத்தில் தயிரும் போய்ச் சேர்ந்தால் தட்டு இன்னும் கனத்துவிடும். அங்கே வேண்டியது புளிப்பும் கடிப்பும்தான்.

பத்துப் பேருக்கு அளவு: நடுத்தரச் சிவப்பு முட்டைக்கோசில் பாதி, இரண்டு கேரட், இரண்டு புளிப்பு ஆப்பிள், ஒரு வெங்காயம், இரண்டு எலுமிச்சை, ஒரே ஒரு பச்சை மிளகாய். கோசை நூல் போல் சீவி, அரைக் கரண்டி உப்புப் போட்டுக் கையால் பிசறிப் பத்து நிமிடம் வைத்தால் முரடு போய்விடும். வடியும் நீரைப் பிழிந்துவிட வேண்டும். வெங்காயத்தை மெல்லிசாக அரிந்து எலுமிச்சைச் சாற்றில் ஊறப்போட வேண்டும். ஆப்பிளைக் கடைசியில் நறுக்கி உடனே அந்தச் சாற்றில் புரட்டினால் கறுக்காது. எல்லாம் சேர்ந்தபின் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்து, ஆறவிட்டு, மேலே ஊற்றிக் கிளற வேண்டியதுதான். அந்த ஒரு கரண்டித் தாளிப்பிலேயே திண்டுக்கல் வந்துவிடும்.

தாளிக்கத் தேங்காய் எண்ணெய் வேண்டாம். 24, 25 டிகிரிக்குக் கீழே அது உறைந்துபோகும். ஸ்காட்லாந்து ஜனவரியில் கோஸ் மேல் வெள்ளைத் திப்பியாக நிற்கும். நல்லெண்ணெய் போதும். தாளிப்பை வீட்டிலேயே முடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். விருந்து வீட்டில் அந்த நேரத்தில் எல்லா அடுப்பிலும் ஏதாவது ஒன்று ஏறியிருக்கும். அங்கே போய்க் கரண்டி கேட்டு நிற்கக் கூடாது.

வாசகர், ஆத்தூர்: ஒரு கவிஞருக்காக ஊரே கூடிக் கறி விருந்து வைக்கிறதா? அந்தப் பர்ன்ஸ் யார்? நம் பாரதிக்கு ஏன் அப்படி இல்லை?

பதில்: ராபர்ட் பர்ன்ஸ் 1759 ஜனவரி 25 அன்று, அலோவே என்ற சிற்றூரில், மண்சுவர்க் குடிசையில் பிறந்தவர். அப்பா குத்தகை விவசாயி. மகனும் ஏர் பிடித்தவர். 1786இல் முதல் கவிதைத் தொகுதி வந்தது. ஊர் மக்கள் பேசும் ஸ்காட்ஸ் மொழியிலேயே எழுதினார். ஹாகிஸை வாழ்த்தி அவர் எழுதிய கவிதையும் அதே 1786ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 37 வயதில், 1796 ஜூலை 21இல் இறந்துபோனார். ஐந்து ஆண்டு கழித்து, 1801இல், அவருடைய நண்பர்கள் அந்தப் பிறந்த வீட்டிலேயே கூடி, ஹாகிஸும் ஆட்டுத்தலையும் உண்டு, அவர் கவிதைகளைச் சொல்லி நினைவுகூர்ந்தார்கள். அங்கிருந்து தொடங்கியதுதான் இன்று உலகமெங்கும் ஸ்காட்லாந்துக்காரர்கள் இருக்கும் இடத்திலெல்லாம் நடக்கிறது. நினைவுநாளில் ஆரம்பித்தது பிறகு பிறந்தநாளுக்கு மாறிக்கொண்டது. பைக் குழல் ஊத ஹாகிஸ் உள்ளே வரும், அந்தக் கவிதையைச் சொல்லிக்கொண்டே கத்தியால் கீறுவார்கள், பிறகுதான் பந்தி.

பாரதியும் 39ஐப் பார்க்காமல் போனவர். எட்டயபுரத்தில் அவருக்கு மணிமண்டபம் 1947இல் திறக்கப்பட்டது. அதற்காக ஊர் ஊராக நிதி திரட்டப்பட்டதில் 'கல்கி'யின் உழைப்பு பெரிது. டிசம்பர் 11 அன்று பேச்சும் பாட்டுப் போட்டியும் தமிழ்நாடு முழுக்க நடக்கின்றன. அதோடு ஒரு பந்தியும் நடக்க வேண்டும் என்பது என் ஆசை. கவிதை கேட்டபின் பிள்ளைகள் பசியோடு பேருந்து ஏறுவதை நான் விரும்பவில்லை. கரிசல் மண்ணில் விளையும் கம்புச் சோறும், கீரைக் கடைசலும், மோரும் வைத்தால் ஒரு பள்ளிக்கூடத்துக்கே செலவு கட்டுப்படியாகும். பாரதி பாட்டை அடுத்தவருக்குச் சொல்லிக் காட்டியபடியே பரிமாறலாம். பத்து வருடம் ஒரு பள்ளி விடாமல் செய்தால் அந்த ஊருக்கு அது வழக்கமாகிவிடும். அலோவேயில் முதல் வருடம் கூடியவர்களும் ஒரு சின்ன அறைக்குள் அடங்குகிற கூட்டம்தான்.

வாசகர், வேடசந்தூர்: கறி விருந்துக்குப் போவதே கறிக்காக. அங்கே காய் எதற்கு?

பதில்: இரண்டாவது முறை கறி வாங்குவதற்கு.

விளையாட்டாகச் சொல்லவில்லை. ஆட்டுக்கொழுப்பு நம் உடம்புச் சூட்டுக்கு மேலேதான் முழுதாக உருகும். சோறு சூடாக இருக்கும்வரை தெரியாது; கொஞ்சம் ஆறியதும் அண்ணத்திலும் உதட்டிலும் பிசுபிசுவென்று ஒட்டும். அதற்குமேல் கறியின் ருசி நாக்குக்கு எட்டாது. புளிப்பு எச்சிலைச் சுரக்கவைக்கும். நறுக்கென்ற காய் அந்தப் பூச்சைத் துடைத்தெடுக்கும். காரத்துக்குத் தயிர். மிளகாயின் எரிச்சலைத் தண்ணீர் கரைக்காது, பாலிலும் தயிரிலும் உள்ள கேசீன் என்ற புரதம் பிடித்து இழுத்துக்கொள்ளும். தயிர் வெங்காயம் ஒரே கிண்ணத்தில் இந்த மூன்று வேலையையும் பார்க்கிறது. நம் ஊர்ப் பிரியாணிக்காரர்கள் இதை ஆய்வுக்கூடத்தில் கற்கவில்லை. பந்தியில் நின்று பார்த்துக் கற்றார்கள்.

இதிலிருந்தே இன்னொன்றும் விளங்கும். ஆட்டுக்கறியோடு வைக்கும் பச்சடி ஃப்ரிட்ஜிலிருந்து நேரே வரக் கூடாது. குளிர்ந்த தயிர் வாயில் பட்டதும் கொழுப்பு அங்கேயே உறையும். அரை மணி நேரம் வெளியே வைத்துப் பிறகு பரிமாறுங்கள்.

வாசகி, பேகம்பூர், திண்டுக்கல்: வீட்டு விசேஷத்தில் நூறு பேருக்குப் பிரியாணி. தயிர் வெங்காயம் என் பொறுப்பு. போன தடவை ஒரு மணி நேரத்தில் நீர்மோராகிவிட்டது. எங்கே தவறு?

பதில்: உப்பில். வெங்காயத்தையும் வெள்ளரியையும் நறுக்கிய கையோடு உப்புப் போட்டால், அது காயின் உள்ளே இருக்கிற நீரை வெளியே இழுக்கும். அந்த நீர் முழுதும் தயிரில்தான் இறங்கும். உப்பைப் பந்தி உட்காரும் நேரத்தில் போடுங்கள். நூறு பேருக்கு நான் வைக்கும் கணக்கு மூன்று கிலோ பெரிய வெங்காயம், மூன்று லிட்டர் கெட்டித் தயிர். தயிரை முந்தின இரவு மல் துணியில் கட்டித் தொங்கவிட்டால் பாதிக் கவலை தீரும். வடிந்த நீரை ஊற்றிவிடாதீர்கள்; ரசத்துக்கோ மோர்க்குழம்புக்கோ ஆகும்.

வெங்காயத்தை நீளவாக்கில் மெல்லிசாக அரிந்து, தண்ணீரில் இரண்டு அலசு அலசி, கையால் அழுத்திப் பிழியுங்கள். கத்தி பட்டு உடைந்த செல்களிலிருந்து வரும் கந்தகக் காரமும் நெடியும் அந்தத் தண்ணீரோடு போய்விடும். கடிப்பு மட்டும் மிஞ்சும். சின்ன வெங்காயம் பச்சடிக்கு மணம்தான், ஆனால் நூறு பேருக்கு உரிப்பதற்குள் விடிந்துவிடும். அதைக் கறிக்குழம்புக்கு விடுங்கள். வெள்ளரி சேர்ப்பதானால் விதைச் சோற்றை வழித்தெடுத்துவிட வேண்டும். தக்காளியைக் கடைசியில், உப்போடு சேர்த்து.

தயிரையும் வெங்காயத்தையும் தனித்தனிப் பாத்திரத்தில் வைத்து, ஒவ்வொரு பந்திக்கும் வேண்டியதை மட்டும் கலக்குங்கள். சித்திரை வெயிலில் மூன்றாம் பந்திக்குள் தயிர் புளித்துவிடும். தனியாக இருந்தால் கொஞ்சம் பால் ஊற்றிச் சரிக்கட்டலாம், கலந்தபின் வழியில்லை.

வாசகி, வத்தலக்குண்டு: முத்தழகுபட்டி செபஸ்தியார் திருவிழாவுக்கு இந்த வருடம் நேர்ந்திருக்கிறேன். எல்லாரும் கிடா, கோழி கொடுக்கிறார்கள். எனக்கு அந்த வசதி இல்லை. காய்கறி கொடுத்தால் குறைவாக நினைப்பார்களா?

பதில்: நினைக்க மாட்டார்கள். அந்த அண்டாவைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கவலையே வராது.

அந்தப் பக்கம் போகாதவர்களுக்காகச் சொல்கிறேன். திண்டுக்கல்லை ஒட்டிய முத்தழகுபட்டியில் புனித செபஸ்தியார் ஆலயத் திருவிழா ஆகஸ்ட் மாதத்தில் நடக்கிறது. கொள்ளை நோய்க் காலங்களில் காத்தருளும் புனிதர் என்று செபஸ்தியாரை உலகெங்கும் கத்தோலிக்கர்கள் வேண்டிக்கொள்வது பழைய வழக்கம். இங்கே நோய் தீர்ந்தவர்கள், பிள்ளை பிறந்தவர்கள், வேலை கிடைத்தவர்கள் எல்லாரும் நேர்ச்சையாக ஆடும் கோழியும் அரிசியும் காய்கறியும் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். மதம் பார்ப்பதில்லை, இந்துக் குடும்பங்களும் முஸ்லிம் குடும்பங்களும் வருகின்றன. வந்ததெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து, இரவோடு இரவாகச் சமைக்கப்பட்டு, ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கறிச்சோறாகப் பரிமாறப்படுகிறது.

அந்தச் சோற்றைக் கையில் எடுக்கும்போது எது யார் கொடுத்த கிடா, எது யார் கொடுத்த தக்காளி என்று யாராலும் பிரிக்க முடியாது. கிடா கொடுத்தவருக்குத் தனிக் கிண்ணம் கிடையாது. தக்காளியும் வெங்காயமும் இல்லாவிட்டால் அத்தனை கறிக்கும் குழம்பு ஏது? பர்ன்ஸ் விருந்தில் ஆளுக்கொரு பாத்திரம், மேசையில் வைத்ததும் "இது இன்னார் செய்தது" என்று தெரியும். முத்தழகுபட்டியில் அது இல்லை. எனக்கு இந்த முறைதான் மேலானதாகப் படுகிறது. இல்லாதவர் கொடுத்ததும் இருப்பவர் கொடுத்ததும் ஒரே தட்டில் வருகிறது.

ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். இரண்டு நாள் முன்னதாக ஊர்க்காரர்களிடம் என்ன தேவை, எப்போது சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாரும் கத்திரிக்காயே கொண்டுவந்து, இஞ்சிக்கும் மல்லித்தழைக்கும் ஆளில்லாமல் போகக் கூடாது. தக்காளி என்றால் அய்யலூர்ச் சந்தையில் பெட்டியாக வாங்குவது மலிவு. சின்ன வெங்காயம் என்றால் திண்டுக்கல் வெங்காயப் பேட்டை. கையில் காசே குறைவு என்றால் ஒரு கத்தியோடு போய் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக் கொடுங்கள். அவ்வளவு பெரிய சமையலில் பணத்தைவிடத் தட்டுப்பாடாக இருப்பது கைகள்தான். உங்கள் நேர்ச்சை நிறைவேறியது.

வாசகர், ஒட்டன்சத்திரம்: எங்கள் ஊர் மார்க்கெட்டில் முருங்கைக்காய் மலையாகக் குவிகிறது. முருங்கைக்காய் சாலட் உண்டா?

பதில்: இல்லை ஐயா. வேகாத முருங்கைக்காய் பல்லுக்கும் ஆகாது, வயிற்றுக்கும் ஆகாது. கறிக்குழம்பிலேயே போடுங்கள், எலும்புக்குப் பக்கத்தில் முருங்கைக்காய் கிடந்தால் இரண்டையும் ஒரே மாதிரி உறிஞ்சலாம்.

கல்லூரி மாணவர், திண்டுக்கல்: வகுப்புத் தோழர்கள் சேர்ந்து சிறுமலை அடிவாரத்தில் கிடாக்கறி விருந்து. நான் மயோனைஸ் போட்ட சாலட் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டேன். நல்லா வருமா?

பதில்: அதை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள், தம்பி. பச்சை முட்டையில் அடித்த மயோனைசில் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் வெயிலில் வேகமாகப் பெருகும். இந்த ஆபத்தைப் பார்த்துத்தான் தமிழ்நாடு அரசு பச்சை முட்டை மயோனைசை 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை செய்தது. அடிவாரத்தில் ஃப்ரிட்ஜ் கிடையாது, கறி வேக மதியம் இரண்டு மணி ஆகும்.

சிறுமலை அடிவாரத்துக்கே போகிறீர்கள். வெள்ளோடு பக்கம் பன்னீர் திராட்சை விளைகிறதே! ஒரு கிலோ திராட்சையை உப்புத் தண்ணீரில் கழுவி, பாதியாகக் கீறி, வெள்ளரித் துண்டுகளோடு கலந்து, எலுமிச்சை, மிளகுத்தூள், கொஞ்சம் புதினா. விதையைத் துப்ப இடம் தாராளமாக இருக்கிறது. சுட்ட கறிக்கு இதைவிடப் பொருத்தமான ஜோடி எனக்குத் தெரியவில்லை.

வாசகி, வடமதுரை: அன்னாசிப்பழம் போட்டுத் தயிர்ப் பச்சடி செய்தேன். வைத்திருந்து சாப்பிட்டால் கசக்கிறது. பழம் கெட்டதா, தயிர் கெட்டதா?

பதில்: இரண்டும் நல்லவைதான். பச்சை அன்னாசியில் புரோமெலின் என்ற நொதி இருக்கிறது. தயிரின் புரதத்தை அது துண்டு துண்டாக அறுக்கும். அந்தத் துண்டுகள்தான் கசக்கின்றன. அன்னாசியை ஒரு கொதி விட்டு ஆறவைத்துச் சேர்த்தால் நொதி செயலிழந்துவிடும். அதே நொதியை நல்லதற்கும் பயன்படுத்தலாம்: முற்றிய கிடா என்றால் இரண்டு கரண்டி அன்னாசிச் சாறு தடவிக் கொஞ்ச நேரம் வையுங்கள். வெகுநேரம் வைத்தால் கறி மாவாகிவிடும்.

வாசகர், பழனி: ஆயக்குடிக் கொய்யாவைப் பழமாகத் தின்றுதான் பழக்கம். விருந்தில் பச்சடியாக வைக்கலாமா?

பதில்: வைத்துப் பாருங்கள், பிறகு விடமாட்டீர்கள். செங்காயாக, அழுத்தினால் லேசாக அமுங்குகிற பருவத்தில் எடுக்க வேண்டும். நடுவிலிருக்கும் விதைப் பகுதியை அகற்றிவிட்டுச் சதையை விரல் நீளத்துக்கு நறுக்கி, உப்பு, மிளகாய்த்தூள், வறுத்துப் பொடித்த சீரகம், எலுமிச்சை போட்டுக் குலுக்கினால் ஆயிற்று. எண்ணெயே வேண்டாம். மிளகு போட்டுப் பிரட்டிய ஈரலுக்குப் பக்கத்தில் இது அருமையாகப் பொருந்தும். கொய்யாவில் வைட்டமின் சி ஆரஞ்சைவிட அதிகம். பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள அது உதவும். ஆகவே சைவப் பந்தியிலும் அதற்கு வேலை உண்டு.

வாசகி, நிலக்கோட்டை: மாசியில் எங்கள் குலதெய்வக் கோயிலில் கிடாவெட்டு. புதிதாக வந்த மருமகள் சைவம். "நான் வரவில்லை அத்தை" என்கிறாள். சங்கடமாக இருக்கிறது.

பதில்: அவள் வருவதற்கான வழியை நீங்கள்தான் முதலில் செய்ய வேண்டும், அம்மா. அவளிடம் "வந்துதான் ஆகணும்" என்று சொல்வதற்கு முன், அவளுக்கு என்ன சமைக்கப்போகிறீர்கள் என்று சொல்லுங்கள்.

ஹாகிஸ் கதையைச் சொல்லலாம். 1984இல் எடின்பரோவில் ஸ்காட்லாந்துக் கவிதை நூலகம் திறக்கப்பட்டபோது, சைவ விருந்தாளிகளும் பர்ன்ஸ் மரபிலிருந்து ஒதுங்கி நிற்கக் கூடாது என்று மேக்ஸ்வீன் என்ற கறிக்கடைக்காரர் குடும்பம் பருப்பும் பயறும் ஓட்ஸும் காய்களும் வைத்து ஒரு சைவ ஹாகிஸ் செய்தது. அது அப்படியே கடைக்கு வந்து, இன்று அந்த நாடு முழுக்க விற்கிறது. ஆடு வெட்டுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் செய்த காரியம் அது.

நம் கோயில் திடலில் இதற்குப் பெரிய ஏற்பாடு வேண்டியதில்லை. தனி அடுப்பு, தனிக் கரண்டி, தனி எண்ணெய். எண்ணெய்க் கத்திரிக்காய், பருப்பு, கோஸ் பச்சடி, மோர். முக்கியமான ஓர் எச்சரிக்கை: கறி விருந்தில் பல "காய்" குழம்புகளில் எலும்பு வெந்திருக்கும். தாளிச்சாவில் கத்திரிக்காயும் மாங்காயும் தெரிகிறதே என்று ஊற்றிவிடாதீர்கள். பருப்போடு ஆட்டெலும்பும் சேர்த்துக் கொதிக்கவைத்ததாக இருக்கலாம். அவள் கேட்டபின் பார்க்க வேண்டாம். நீங்களே முன்னால் போய்ப் பார்த்து, "இது உனக்கு ஆகும், இது ஆகாது" என்று சொல்லிவிடுங்கள். அடுத்த வருடம் அவளே கிளம்பி நிற்பாள்.

வாசகர், நத்தம்: ஆடியில் கிடா விருந்து வருகிறது. எங்கள் தோப்பு மாங்காயைப் பச்சடி போடலாமா?

பதில்: ஆடிக்குள் தோப்பில் காய் மிஞ்சினால் போடுங்கள். பெரும்பாலும் சித்திரை, வைகாசியோடு நல்ல காய் போய்விடும். மிஞ்சுகிற கிளிமூக்கு மாங்காயைத் தோலோடு சீவல் சீவலாக அரிந்து, கல்லுப்பும் மிளகாய்த்தூளும் தூவி, ஒரு சொட்டு நல்லெண்ணெய். வெல்லம் சேர்த்த மாங்காய்ப் பச்சடி வருடப் பிறப்புக்கு உரியது. கறியோடு அந்த இனிப்பு சேராது.

வாசகர், கிளாஸ்கோ: நான் திண்டுக்கல்காரன். பர்ன்ஸ் விருந்துக்கு சாலட் கொண்டுவரச் சொன்னார்கள். சாலட் எதற்கு, பெரிய பாத்திரத்தில் பிரியாணியே கொண்டுபோய் அசத்திவிடலாம் என்று நினைக்கிறேன். என்ன சொல்கிறீர்கள்?

பதில்: வேண்டாம், தம்பி. அன்றைக்கு அந்த வீட்டில் அசத்த வேண்டியது ஹாகிஸ். குழல் ஊதிக் கவிதை சொல்லி அதை அழைத்துவரும்போது பக்கத்திலிருந்து சீரகச் சம்பா மணம் வந்தால் எல்லார் மூக்கும் அங்கே திரும்பிவிடும். விருந்தளிக்கிறவர் காலையிலிருந்து அடுப்படியில் நின்றது வீணாகும். நம் வீட்டுக் கிடாவெட்டுக்கு வரும் விருந்தாளி தன் பங்குக்கு ஒரு தேக்சா கறிக்குழம்போடு வந்து இறங்கினால் நம் ஆத்தாவுக்கு முகம் எப்படிப் போகும்?

கேட்டது சாலட், அதையே நல்ல சாலட்டாகக் கொடுங்கள். பீட்ரூட்டை வேகவைத்துத் தோலுரித்து வட்டமாக அரிந்து, ஆரஞ்சுச் சுளையும் வினிகரில் ஊறிய வெங்காயமும் சேர்த்து, மேலே மிளகு நுணுக்கிப் போடுங்கள். ஜனவரியில் அங்கே எந்தக் கடையிலும் கிடைக்கும். பிறகு மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களை உங்கள் வீட்டுக்கு அழையுங்கள். 1957இல் நாகசாமி நாயுடு திண்டுக்கல்லில் தொடங்கிய சிறு கடை எப்படித் 'தலப்பாக்கட்டி' என்று பேர் வாங்கியது, தலையில் கட்டிய துண்டு எப்படிக் கடைப் பெயரானது என்று கதை சொல்லிக்கொண்டே பிரியாணி போடுங்கள். தயிர் வெங்காயத்தை அவர்களையே கொண்டுவரச் சொல்லுங்கள். செய்முறை மேலே இருக்கிறது, மொழிபெயர்த்துக் கொடுத்தால் போதும்.

வாசகி, குஜிலியம்பாறை: மைத்துனர் வீட்டுக் காதுகுத்து விருந்துக்கு ஒரு வாளி முட்டைக்கோஸ் பச்சடி செய்துகொண்டு போனேன். அப்படியே முக்கால் வாளி திரும்பி வந்தது. ருசி நன்றாகத்தான் இருந்தது. மனசுக்கு வருத்தம்.

பதில்: வருத்தப்படாதீர்கள், தாயி. ருசியில் குறையில்லை, வாளி நின்ற இடம்தான் சரியில்லாமல் போயிருக்கும். பந்தியில் பச்சடி கடைசியாக வந்தால் இலையில் இடம் இருக்காது. கறிக்குழம்பு ஓடி நிறைந்திருக்கும். "போதும் போதும்" என்று கையை மறிப்பார்கள். சோறு விழும் முன்பே, இலையின் மேல்பாதியில், உப்புக்கும் ஊறுகாய்க்கும் அடுத்து இது விழ வேண்டும். ஒரு கை அளவு போதும்.

அடுத்த தடவை பரிமாறுகிற பையன்களிடம் விட்டுவிடாதீர்கள். அவர்கள் கண் கறி வாளியில்தான் இருக்கும். முதல் பந்திக்கு நீங்களே முந்தானையைச் செருகிக்கொண்டு வாளியோடு இறங்குங்கள். இலைக்கு இலை, "வச்சுக்கங்க மாமா, கறிக்கு நல்லாருக்கும்" என்று சொல்லி வையுங்கள். கறி இரண்டாம் முறை வரும்போது நீங்களும் பின்னாலேயே இரண்டாம் முறை போங்கள். அப்போதுதான் கேட்டு வாங்குவார்கள். மூன்றாம் பந்திக்கு வாளியில் இருக்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கூடுதலாக ஒரு கோஸையும் கத்தியையும் பையில் வைத்திருப்பது நல்லது.